சாப்ளினை வேலை வாங்கிய மேபெல்: வாசகர் கேள்வி – பதில்

பேசாப் படக் காலத்து மேபெல் நார்மண்ட் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த வாரப் பக்கம் முழுவதும். ஒரு நடிகைக்கு இவ்வளவு இடமா என்று நினைப்பவர்கள் கடைசிப் பதில் வரை பொறுமையாக வாருங்கள். அவர் நடிகை மட்டும் அல்ல.

கே: யார் இந்த மேபெல் நார்மண்ட்? மூன்று வரியில் சொல்ல முடியுமா?

ப: முடியும். சாப்ளின் சினிமாவுக்குள் கால் வைத்தபோதே நட்சத்திரமாக இருந்தவர். அந்தச் சாப்ளினை வைத்துப் படம் இயக்கியவர். அமெரிக்க நகைச்சுவைப் படத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர்.

கே: சினிமாக் குடும்பமா? சிபாரிசு ஏதாவது?

ப: அப்போது சினிமாக் குடும்பம் என்ற ஒன்றே உருவாகியிருக்கவில்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் பிறந்தவர். அப்பா மேடைத் தச்சர், வீட்டில் பணப் புழக்கம் குறைவு. பதின்வயதிலேயே ஓவியர்களுக்கு மாடலாக நின்று சம்பாதித்தார். சார்லஸ் டானா கிப்சன், ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃப்ளாக் போன்ற பெரிய கைகள் அவரை வரைந்திருக்கின்றன. அங்கிருந்து பயோகிராஃப், வைட்டகிராஃப் கம்பெனிகள். அன்றைய சினிமாவின் தலைநகரம் நியூயார்க். ஹாலிவுட் இன்னும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர்தான்.

கே: பயோகிராஃபில் இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்தே இருந்தாரே! அந்த மேதையை விட்டு ஏன் காமெடிக்குப் போனார்?

ப: கிரிஃபித்திடம் உருக்கமாக நடிக்கவும் கற்றார். 1911இல் வந்த ‘ஹெர் அவேக்கனிங்’ படத்தில், வயதான அம்மாவைப் பார்த்து வெட்கப்படும் மகள் அவர்தான். ஆனால் அதே கம்பெனியில் காமெடிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மாக் சென்னட், 1912இல் கீஸ்டோன் என்று தனிக் கடை திறந்தார். மேபெல் அவரோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ரயில் ஏறினார். அழவைக்க அங்கே ஆட்கள் நிறைய இருந்தார்கள். அழகாகவும் இருந்து, விழுந்து புரண்டு சிரிக்கவும் வைக்கிற பெண் அபூர்வம்.

கே: கீஸ்டோனில் எப்படி வேலை நடந்தது? கதை விவாதம், திரைக்கதை எல்லாம் உண்டா?

ப: ஊரில் ஊர்வலமா, கார் பந்தயமா? காமிராவையும் நாலு நடிகர்களையும் தூக்கிக்கொண்டு ஓடு. கூட்டம் இலவசம். கதைக்கு ஒரு கரு இருக்கும், மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஒரு ரீல், அதாவது ஏறத்தாழ ஆயிரம் அடி ஃபிலிம், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாரா வாரம் தியேட்டருக்குப் புதுச் சரக்கு போயாக வேண்டும். அந்த அவசரத்தில் தாக்குப்பிடிப்பதே பெரிய பயிற்சி. மேபெல் அங்கே அடுத்தடுத்த படங்களில் நடித்து, எந்த அசைவு சிரிப்பைக் கொண்டுவரும், எது வீண் என்று தெரிந்துகொண்டார்.

கே: கதாநாயகி என்றால் வில்லன் தூக்கிப்போக, நாயகன் மீட்க, அவ்வளவுதானே?

ப: அதுவும் செய்திருக்கிறார். 1913இல் ‘பார்னி ஓல்ட்ஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்’ படத்தில் தண்டவாளத்தில் கட்டிப்போட்டார்கள். நிஜ கார் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்ட் ரயிலை முந்தி வந்து காப்பாற்றினார். ஆனால் அதற்கு முந்தைய வருடமே ‘எ டாஷ் த்ரூ தி க்ளவுட்ஸ்’ படத்துக்காக விமானத்தில் பறந்தார் மேபெல். கூரை கிடையாது, சுவர் கிடையாது. இறக்கையின் முன்விளிம்பில் விமானி பக்கத்தில் உட்கார்ந்து, காலைக் காற்றில் தொங்கவிட்டபடி பறக்க வேண்டும். ஓட்டியவர் பிலிப் பார்மலி. படம் திரைக்கு வருவதற்குள், 1912 ஜூன் 1 அன்று, வேறொரு விமான சாகச நிகழ்ச்சியில் விழுந்து பார்மலி இறந்துபோனார். மேபெல் எடுத்த துணிச்சலின் அளவு அதில் தெரியும்.

கே: முகத்தில் கிரீம் பை எறிகிற காமெடியைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்கிறார்களே?

ப: 1913இல் வந்த ‘எ நாய்ஸ் ஃப்ரம் தி டீப்’ படத்தில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் முகத்தில் மேபெல் எறிந்தது உண்மை. முதல் எறி அல்ல. 1909இலேயே ‘மிஸ்டர் ஃப்ளிப்’ படத்தில் பென் டர்பின் முகத்தில் பை வாங்கிவிட்டார். மேபெலின் பெருமைக்கு அந்தப் பை தேவையில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய சாதனைகளே அவரிடம் போதுமான அளவு இருக்கின்றன.

கே: சென்னட்டுக்கும் அவருக்கும் காதல். அந்தச் சலுகையில்தானே இயக்குநர் ஆனார்?

ப: இந்தக் கேள்வியை ஒரு ஆண் இயக்குநரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சலுகை என்றால் ஒரு படத்தோடு முடிந்திருக்கும். 1913 கடைசியில், இனி தான் நடிக்கும் படங்களை மேபெலே இயக்குவார் என்று அமெரிக்கத் திரைப்பட வணிகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அப்போது அவருக்கு வயது இருபதைத் தொட்டிருந்தது, அவ்வளவுதான். 1914இல் வரிசையாகப் படங்கள் வந்தன. சென்னட் கறாரான வியாபாரி. கூட்டம் வராத படத்தை எடுக்க யாருக்கும் ஃபிலிம் கொடுக்க மாட்டார், காதலிக்கும் சேர்த்துத்தான்.

கே: அந்தக் காலத்தில் ஒரு பெண் இயக்கினால் மற்றவர்கள் கேட்பார்களா?

ப: அந்தக் காலம் நாம் நினைப்பதைவிடத் திறந்த மனதோடு இருந்தது. ஆலிஸ் கீ 1896 வாக்கிலேயே பிரான்சில் படம் இயக்கத் தொடங்கி, பிறகு அமெரிக்காவில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். லோயிஸ் வெபர் கலிபோர்னியாவில் முன்வரிசை இயக்குநர். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே 1920இல்தான். அதாவது ஓட்டுச் சீட்டுக்கு முன்பே பெண்கள் கையில் மெகாஃபோன் இருந்தது! பணம் பெருகி, சினிமா பெரிய தொழிலாக மாறியபோது அந்த மெகாஃபோனை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். 1930களின் ஹாலிவுட்டில் டாரத்தி ஆர்ஸ்னர் தவிரப் பெண் இயக்குநர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கே: சாப்ளினின் தொளதொளக் கால்சட்டையும் கைத்தடியும் பிறந்தது மேபெல் படத்திலா?

ப: ஆமாம். ‘மேபெல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் ப்ரெடிக்கமென்ட்’. அந்த வேடம் முதலில் திரைக்கு வந்தது 1914 பிப்ரவரி 7இல், ‘கிட் ஆட்டோ ரேசஸ்’ படத்தில். இரண்டு நாள் கழித்து வந்தாலும், முதலில் படமாகத் தொடங்கியது மேபெல் படம். இயக்குநராக இன்று மேபெலின் பெயரே பதிவாகியிருக்கிறது.

ஹோட்டல் கூடத்தில் போதையோடு ஒரு நாடோடி. ஒரு பெண்மணியின் காலில் இடறுகிறான், திரும்பித் தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிறான். அடுத்து எச்சில் படிக்கத்தில் இடறுகிறான், அதற்கும் தொப்பியைத் தூக்குகிறான்! கீஸ்டோனில் ஒரு காட்சி பத்தடி ஃபிலிமைத் தாண்டுவதே அரிது. இது 75 அடி ஓடியது என்று சாப்ளினே எழுதியிருக்கிறார். ஒரு நிமிடத்துக்கும் மேல். நாயகி பெயரைத் தலைப்பிலேயே வைத்த படத்தில், வந்து சேர்ந்து சில வாரமே ஆன புதுமுகத்துக்கு அவ்வளவு இடம் கிடைத்தது.

கே: பிறகு இருவருக்கும் சண்டையாமே?

ப: ‘மேபெல் அட் தி வீல்’ படப்பிடிப்பில். சாப்ளின் வில்லன். தெருவில் தண்ணீர் பாய்ச்சும் காட்சியில், தெரியாமல் குழாயை மிதித்துக்கொண்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று முனையைக் குனிந்து பார்க்க, காலை எடுத்ததும் முகத்தில் பீய்ச்சட்டும் என்று ஒரு யோசனை சொன்னார். மேபெல் நேரமில்லை என்று மறுத்தார். சாப்ளின் நடைபாதை ஓரம் உட்கார்ந்துகொண்டு வேலை செய்ய மறுத்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு இயக்கத் தகுதி உண்டா என்று தனக்குச் சந்தேகம் இருந்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார்.

கே: நீங்கள் யார் பக்கம்?

ப: தயங்காமல் மேபெல் பக்கம். அந்தக் குழாய் நகைச்சுவை 1895இலேயே லூமியேர் சகோதரர்கள் காட்டிவிட்ட பழைய சரக்கு. மேபெலின் கையில் இருந்ததோ சூரிய வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டிய பந்தயக் காட்சிகள். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் இயக்குநரின் வேலை. பிற்காலத்தில் தன் ஸ்டூடியோவில் அடுத்தவர் யோசனைக்கு இடம் கொடுக்காமல் இதே உரிமையைத்தான் சாப்ளினும் காப்பாற்றிக்கொண்டார். ஆண் செய்தால் அது மேதைமை, இருபது வயதுப் பெண் செய்தால் தகுதிக் குறைவு என்று வரலாறு எழுதியது. அந்தக் கணக்கைத் திருத்தத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

கே: சண்டை எப்படி முடிந்தது?

ப: சென்னட்டுக்குக் கடும் கோபம். சாப்ளினை வீட்டுக்கு அனுப்பவே நினைத்தார். அதற்குள் நியூயார்க் அலுவலகத்திலிருந்து, சாப்ளின் படங்களுக்கு ஏக கிராக்கி, சீக்கிரம் இன்னும் அனுப்புங்கள் என்று தந்தி. சமாதானம் ஆயிற்று. தானே ஒரு படம் இயக்க வேண்டும், நஷ்டம் வந்தால் என் சேமிப்பு 1,500 டாலரைப் பிணை வைக்கிறேன் என்று சாப்ளின் கேட்டு வாங்கினார். பிறகு மேபெலும் அவரும் நல்ல தோழர்களாகப் பல படங்களில் சேர்ந்து நடித்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த, முதல் முழுநீள நகைச்சுவைப் படம் என்று சொல்லப்படும் ‘டில்லீஸ் பங்ச்சர்ட் ரொமான்ஸ்’ அதில் ஒன்று. இயக்கியவர் சென்னட்.

கே: சாப்ளின் அவரிடம் ஏதாவது கற்றிருப்பாரா?

ப: ‘காட் இன் எ காபரே’ பாருங்கள். 1914 ஏப்ரல், மேபெல் இயக்கம். மட்டமான விடுதி ஒன்றில் பரிமாறுகிறவர் சாப்ளின். பணக்காரப் பெண்ணான மேபெலின் முன்னால் தன்னைப் பெரிய பிரமுகராகக் காட்டிக்கொள்கிறார். விருந்துக்குப் போகிறார், கடைசியில் குட்டு உடைகிறது. ஏழை, பணக்காரனாக வேடம் கட்டி மாட்டிக்கொள்ளும் இதே கதைக் கரு சாப்ளினின் ‘தி கவுண்ட்’, ‘தி ரிங்க்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் பார்வையற்ற பெண் அவரைச் செல்வந்தர் என்று நம்புவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கருவைக் கற்றுக்கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கருவைச் சாப்ளின் பழகிய களம் மேபெலின் படம் என்று சொல்கிறேன்.

கே: மேபெல் இயக்கியதில் ஒரே ஒரு படம் பார்க்க நேரம் உண்டு. எதைப் பார்க்கட்டும்?

ப: ‘மேபெல்ஸ் ப்ளண்டர்’, 1914. அலுவலகத்தில் ஸ்டெனோகிராஃபர் மேபெல். முதலாளி மகன் காதலன். முதலாளிக்கும் இவர் மேல் ஒரு கண். ஒருநாள் காதலன் வேறொரு பெண்ணைக் கட்டி அணைப்பதைப் பார்த்துவிடுகிறார். கார் டிரைவரின் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு, காதலன் காரைத் தானே ஓட்டிப் போய் வேவு பார்க்கிறார். வந்தவள் அவன் சகோதரி என்பது கடைசியில் தெரிகிறது.

கதை சாதாரணம்தான். அந்த அணைப்பைப் பார்க்கும்போது மேபெலின் முகத்தைக் கவனியுங்கள். சுற்றி எல்லோரும் ஒட்டு மீசையோடு கையைக் காலை உதறுகிற கீஸ்டோனில், இவர் கண்ணை மட்டும் வைத்துச் சந்தேகம், கோபம், அழுகை எல்லாவற்றையும் கடக்கிறார். காமிரா பக்கத்தில் இருக்கிறது, ஊதிப் பெரிதாக்கத் தேவையில்லை என்று தெரிந்த நடிப்பு. அதைத் தெரிந்துகொண்டு காமிராவை அங்கே வைத்த இயக்கம். 2009இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தார்கள்.

கே: ஆர்பக்கிளோடு அவர் ஜோடி எப்படி?

ப: லாரல்–ஹார்டிக்கு முந்தைய பிரியமான ஜோடி. ‘ஃபாட்டி அண்ட் மேபெல் அட்ரிஃப்ட்’, 1916, ஆர்பக்கிளே இயக்கினார். கடலோரக் குடிசையில் புதுமணத் தம்பதி. ராத்திரி வீடே மிதந்து கடலுக்குள் போய்விடுகிறது. கட்டில் தண்ணீரில் ஆடுகிறது! அதற்கு முன்னால் ஒரு காட்சி: தூங்கும் மேபெலை ஆர்பக்கிள் தொடவில்லை. அவருடைய நிழல் மட்டும் சுவரில் நகர்ந்து வந்து, குனிந்து முத்தமிடுகிறது. அடிதடிக் காமெடிக்கு நடுவே இப்படி ஒரு மென்மை.

கே: சொந்தக் கம்பெனி வைத்திருந்தாராமே?

ப: 1916இல் ‘மேபெல் நார்மண்ட் ஃபீச்சர் ஃபிலிம் கம்பெனி’. தன் பெயரில் ஸ்டூடியோ. எடுத்த படம் ‘மிக்கி’. சுரங்க ஊரில் வளர்ந்த முரட்டுப் பெண் பணக்கார உறவினர் வீட்டுக்குப் போய்ப் படும் பாடு. ஜாக்கி வேடத்தில் குதிரைப் பந்தயமும் ஓட்டுவார். படம் 1918இல்தான் வெளியே வந்தது, வந்ததும் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்குள் மேபெல் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினோடு ஒப்பந்தமாகிவிட்டார். பெயர்ப் பலகையில் அவர், பலன் மற்றவர்களுக்கு.

கே: சொந்தக் கம்பெனி இருந்தும் ‘மிக்கி’யை அவரே ஏன் இயக்கவில்லை? இயக்கத்தில் நம்பிக்கை போய்விட்டதா?

ப: ‘மிக்கி’யை முடித்தவர் எஃப். ரிச்சர்ட் ஜோன்ஸ். பிறகு ‘மாலி ஓ’, ‘சுசானா’, ‘தி எக்ஸ்ட்ரா கேர்ல்’ மூன்றுக்கும் அதே ஜோன்ஸ்தான் இயக்குநர். தனக்கு ஒத்துப்போகும் கையைக் கண்டுபிடித்து அவரோடு வருடக்கணக்கில் வேலை செய்வதும் ஒரு படைப்பாளியின் முடிவுதான்.

‘எக்ஸ்ட்ரா கேர்ல்’ 1923. நடிக்கும் ஆசையில் ஹாலிவுட் வந்து, உடைகள் பிரிவில் எடுபிடி ஆகிவிடும் பெண். நாய்க்குச் சிங்க வேடம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நிஜச் சிங்கத்தைக் கயிற்றில் பிடித்து ஸ்டூடியோ முழுக்க இழுத்துப் போவார். பின்னால் வருவது பொம்மை அல்ல, உயிருள்ள சிங்கம். மேபெலின் நடையில் ஒரு துளி அவசரம் தெரியாது.

கே: கொலை வழக்கில் சிக்கியவர்தானே? அதைச் சொல்லாமல் விடுகிறீர்களே!

ப: விடவில்லை, உரிய அளவில் சொல்கிறேன். 1922 பிப்ரவரி 1 மாலை, இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் வீட்டுக்குப் போனார், புத்தகங்கள் வாங்கிக்கொண்டு கிளம்பினார். டெய்லர் கார் வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் காலை டெய்லரின் உடலைத்தான் பார்த்தார்கள். யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். கொலைகாரர் யார் என்று இன்றுவரை தெரியாது. மேபெலைப் போலீஸ் விசாரித்து, சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டது. பத்திரிகைகள் விடவில்லை. 1924 புத்தாண்டு அன்று மேபெலின் டிரைவர், மேபெலின் துப்பாக்கியால் கோர்ட்லண்ட் டைன்ஸ் என்ற செல்வந்தரைச் சுட்டார். டைன்ஸ் பிழைத்துக்கொண்டார். மேபெல் சுடவில்லை, ஆனால் சில ஊர்களில் தடை விழுந்தது அவருடைய படங்களுக்கு. வேறொரு வழக்கில் சிக்கிய ஆர்பக்கிளுக்கும் அதே கதி. மூன்று விசாரணைக்குப் பிறகு, மன்னிப்புக் கேட்டு விடுவித்தது நடுவர் குழு. ஆனாலும் அவருடைய படங்கள் முடங்கின. இருவரும் சேர்ந்து நடித்த படங்களுக்கு இரட்டை அடி.

கே: சென்னட்டைக் கடைசி வரை மணக்கவே இல்லையா?

ப: இல்லை. திருமண ஏற்பாடு 1915 வாக்கில் முறிந்துபோனது. அந்தக் காதலை வைத்து 1974இல் பிராட்வேயில் ‘மாக் அண்ட் மேபெல்’ என்று இசை நாடகமே போட்டார்கள். மேபெல் 1926இல் நடிகர் லூ கோடியை மணந்தார்.

கே: கடைசிக் காலம்?

ப: 1926இல் ஹால் ரோச் கம்பெனியில் குறும்படங்களுக்குத் திரும்பினார். ‘ராகெடி ரோஸ்’ படத்தில் ஸ்டான் லாரல் எழுத்திலும் இயக்கத்திலும் கைகொடுத்தார். ‘தி நிக்கல் ஹாப்பர்’ படத்தில் ஆலிவர் ஹார்டி தலைகாட்டுகிறார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. காசநோய். 1930 பிப்ரவரி 23 அன்று கலிபோர்னியாவின் மன்ரோவியா சானடோரியத்தில் இறந்தார். நாற்பதைத் தொடவில்லை.

கே: இவ்வளவு பெரியவரை உலகம் எப்படி மறந்தது?

ப: நான்கு காரணம். ஒன்று, கீஸ்டோன் படங்களில் இயக்குநர் பெயரைப் பெரும்பாலும் திரையில் போடவே இல்லை. இரண்டு, நைட்ரேட் ஃபிலிம். எளிதில் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மக்கிவிடும். அமெரிக்காவின் ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில், முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியிருப்பவை 14 சதவீதம்தான் என்று காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. கோல்ட்வினுக்கு மேபெல் நடித்தவற்றில் பல போய்விட்டன. மூன்று, தன்வரலாறு எழுதும் அளவுக்குச் சாப்ளினும் சென்னட்டும் உயிரோடு இருந்தார்கள். மேபெல் இல்லை. நான்கு, வம்பு. ஒரு கொலை மர்மம் நூறு நல்ல படத்தை மூடி மறைத்துவிடும்.

கே: தொலைந்தது தொலைந்ததுதானா?

ப: நம்பிக்கை உண்டு. மேபெல் 1914இல் இயக்கிய ‘வோன் இன் எ க்ளாசெட்’ நியூசிலாந்து ஆவணக் காப்பகத்தில் இருந்தது 2010இல் தெரியவந்தது. பட விநியோகத்தின் கடைசிக் கண்ணி அந்த நாடு. ஓடி முடிந்த பிரதியைத் திருப்பி அனுப்பக் கப்பல் செலவு கட்டாது என்று அங்கேயே விட்டுவிடுவார்கள். சிக்கனம் பார்த்து விட்டுப்போனதால் ஒரு படம் பிழைத்தது. அடுத்தது எங்கே இருக்கிறதோ! பழைய ஃபிலிம் டப்பா எங்கே கண்ணில் பட்டாலும் குப்பையில் போடாதீர்கள், காப்பகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டில் மட்டும் திறந்து வைக்காதீர்கள், நைட்ரேட் தீயைத் தண்ணீர்கூட அணைக்காது.

கே: நான் திரைப்படக் கல்லூரி மாணவி. குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேபெலிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள ஒன்று சொல்லுங்கள்.

ப: இரண்டு சொல்கிறேன். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது எவ்வளவு பெரிய நடிகர் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும், உங்கள் படத்துக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டாலும் பரவாயில்லை.

அடுத்தது, படம் முடிந்ததும் டைட்டிலில் எல்லார் பெயரையும் போடுங்கள். காமிரா, எடிட்டிங், உடை, லைட் தூக்கியவர், சமையல், யாரையும் விடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் செய்த வேலையையும் எழுதுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘இயக்கம்’ என்று பெரிதாகவே எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். 1914இல் அந்த ஒரு வரியைக் கீஸ்டோன் போட்டிருந்தால், மேபெல் இயக்கியவர்தானா என்று நூறு வருடமாக யாரும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.